வாசலில் விரித்த மெத்தை

கோஹுங், மார்ச் 6

போமியின் அம்மாவுக்கு,

நீ போன் அடித்தாயாம், ஊர்த்தலைவர் வந்து சொன்னார். அடித்தது எனக்கும் கேட்டது. எடுக்கவில்லை. என் மகன் கித்தே லாரியோடு பாலத்திலிருந்து விழுந்த சேதி அந்தக் கருவி வழியாகத்தான் வந்தது. ஆறு வருஷமாக நான் அதைத் தொடுவதில்லை, இனியும் தொடமாட்டேன். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. ஊர்க் கூடத்தில் கிழவிகளோடு கிழவியாக உட்கார்ந்து எழுத்துக் கற்றது சும்மா இல்லை. பக்கத்து வீட்டுப் போசோங்காரிக்கு இன்னும் தன் பெயரையே முழுசாக எழுத வராது. நான் உனக்குக் கடிதமே எழுதுகிறேன்.

உனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று இங்கே வந்திருந்தபோது போமி சொன்னாள். பள்ளிக்கூட அடுப்படியில் அத்தனை பிள்ளைகளுக்கும் அண்டா தூக்கினால் பிடிக்காமல் என்ன செய்யும்? அதை விடு. நீ சோபாவில் படுக்கிறாய் என்றும் சொன்னாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. மெத்தை இல்லாத வீட்டிலா உன்னைக் கட்டிக் கொடுத்தார்கள்?

உன் கல்யாணத்துக்கு உன் அம்மா இரண்டு மெத்தை செய்து அனுப்பினாள். உங்கள் இருவருக்கும் பெரிதாக ஒன்று, மாமியார் வரிசையாக எனக்கு ஒன்று. என்னுடையது மெல்லிசு. நைலான் பஞ்சு கலந்திருக்கிறது என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் உங்களுடையது நல்ல கனம். கித்தே போனதும் அதைக் கொண்டுவந்து என் மரப்பெட்டிக்குள் திணித்துவிட்டுப் போனாயே, ஏன்? வந்து எடுத்துக்கொண்டு போ. அடியில் சூடேற்றின தரையில் பஞ்சு மெத்தையை விரித்துப் படுத்தால் எந்த இடுப்பும் நேராகும்.

அடுத்த மாதம் என் மாமியாருடைய திதி. படையலில் அவளுக்கு மது ஊற்றுவது எப்போதும் நான்தான். வழக்கம்போல அரைக் கோப்பைதான் ஊற்றுவேன். அதற்கு நீ வரவேண்டாம்.

துல்லே


இஞ்சோன், மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பூண்டு வயலில் களை எடுக்கக் குனிய வேண்டாம், ஆள் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன்.

இடுப்புக்கு டாக்டரிடம் போனேன். "எதுல படுக்கறீங்க?" என்று கேட்டார். சோபா என்று சொல்ல வெட்கப்பட்டு, "தரையில" என்றேன். "தரையில படுத்த முதுகு இப்படி வளையாதே" என்று சிரித்தார். நல்ல மெத்தையாகப் பார்த்து வாங்கச் சொன்னார்.

பெட்டியில் இருக்கிற மெத்தையை எடுத்துப் போகச் சொல்கிறீர்கள். அதை ஏன் அங்கே விட்டேன் என்று இந்தக் கடிதத்துக்கு முன் நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதில் அவர் பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது, அத்தை. எத்தனை வெயிலில் போட்டாலும் எழும்பாத பள்ளம். விரித்தால் அதோடுதான் விரிகிறது. அதன் ஓரத்தில் நான் எப்படித் தூங்குவேன்?

கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருத்தி, "கல்லுக் கட்டில் வாங்கு, சூடு போட்டுவிட்டா எலும்பெல்லாம் இளகிடும்" என்கிறாள். இன்னொருத்தி, "ரப்பர் மெத்தை வாங்குடி, பத்து வயசு குறைஞ்சு எழுந்திருப்பே" என்கிறாள். குழம்பிப் போய், சனிக்கிழமை மத்தியானம் கடைத்தெருவில் ஒரு மெத்தைக் கடைக்குள் நுழைந்தேன். விலை கேட்டுவிட்டு வந்துவிடத்தான் நினைத்தேன். கடைக்காரர் விடவில்லை.

"செருப்பைக் கழட்டிட்டுப் படுங்கம்மா. உட்கார்ந்து பார்த்து மெத்தை வாங்கறது, சோத்தை மோந்து பார்த்துட்டு வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு சொல்ற மாதிரி."

முதலில் கல். சூடாக இருந்தது, ஆனால் இடுப்புக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி. ஸ்பிரிங் மெத்தை, நான் அசைந்தால் தானும் அசைந்து பதில் சொன்னது. நுரை மெத்தை சேற்று வயல் போல. உள்ளே வாங்கிக்கொண்டு காலை விடமாட்டேன் என்றது. கடைசியில் ரப்பர் மெத்தை. அது தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. "வீட்டுல எப்படிப் படுப்பீங்களோ அப்படிப் படுங்க" என்றார். நான் ஓரத்துக்கு நகர்ந்து திரும்பிப் படுத்தேன். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. என் தலைக்கு மேலே இருந்த விளக்கு மட்டும் அணைந்திருந்தது. கடைக்காரர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், வருகிறவர்களைச் சத்தம் போடாமல் திருப்பி அனுப்புவதற்கு. எனக்கு உயிரே போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் ஓடி வந்தேன்.

போமியின் அப்பா போனபிறகு அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கினதில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உங்களுக்கு எழுதிவிட்டேன்.

மருமகள்
யோன்சிம்


கோஹுங், ஏப்ரல் 11

போமியின் அம்மாவுக்கு,

கடையில் போயா தூங்கினாய்? வாயைத் திறந்துகொண்டா, மூடிக்கொண்டா? குறட்டை விட்டாயா? நல்லவேளை, இந்த ஊர்க்காரர் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

கல்லுக் கட்டில் வேண்டாம். செத்தபிறகு கல்லுக்கடியில் கிடக்க நிறையக் காலம் இருக்கிறது. ரப்பர் மெத்தை என்றால் நாறுமே. எங்கள் ரப்பர் செருப்பு வெயிலில் என்ன நாற்றம் நாறும்! அதையா இரவு முழுக்க மூக்குக்கடியில் வைத்துக்கொள்வாய்?

உன் கடிதத்தைப் போசோங்காரிக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அவள் கேட்கிறாள், "மெத்தைக்காரனுக்குப் பெண்டாட்டி இருக்காளா?"

"மெத்தை விக்கிறவனுக்குப் பெண்டாட்டி இருந்தா என்ன, இல்லாட்டி என்னடி?"

"விளக்கை அணைச்சான்ல."

"வியாபாரி. மின்சாரம் மிச்சம் பிடிச்சிருப்பான்."

"அவ தலைக்கு மேல இருந்ததை மட்டுமா?" என்று சொல்லிவிட்டு என் முற்றத்துக் கீரையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அவளை நான் இனிமேல் உள்ளே விடப்போவதில்லை.

பள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? வருஷா வருஷம் அந்த மெத்தையை வெயிலில் போடுகிறவள் நான். யாரும் இல்லாதபோது அதில் கை வைத்துப் பார்ப்பேன். தோள் ஒரு பள்ளம், இடுப்பு ஒரு பள்ளம். என் மகன் இந்த வீட்டில் விட்டுப்போனது அதுதான். உனக்கு வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கட்டும்.

திதி முடிந்தது. அரைக் கோப்பைதான் ஊற்றினேன்.

துல்லே


இஞ்சோன், மே 10

அன்புள்ள அத்தைக்கு,

பெற்றோர் நாளுக்கு அனுப்பிய பூ வாடாமல் வந்து சேர்ந்ததா?

இந்தக் கடிதத்தை ஐந்தாறு தடவை கிழித்துப்போட்டு எழுதுகிறேன். போசோங் அம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில், இல்லை. அவருடைய மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. கடைக்காரரின் பெயர் பியோ. பிள்ளைகள் இல்லை.

நான் மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன், அத்தை. தூங்கியதற்கு நன்றியாகக் கடற்பாசி சூப் கொண்டுபோனேன். அவர் குடித்துவிட்டு, "இதுக்கு விலையா இன்னொரு தூக்கம் போட்டுட்டுப் போங்க" என்றார். நான் சிரித்தேன். சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று என் முகத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கும் தூங்கினேன். பிறகு சனிக்கிழமைகளில் போவது வழக்கமாகிவிட்டது. அவர் கணக்குப் பார்ப்பார், நான் மூலையில் இருக்கிற மெத்தையில் தூங்குவேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

போன வாரம் அவர் கேட்டார். சுற்றி வளைத்து, மெத்தை விற்கிற மாதிரியேதான் கேட்டார். "தனித்தனி ஸ்பிரிங் வச்ச மெத்தை ஒண்ணு வந்திருக்கு. ஒருத்தர் புரண்டா பக்கத்துல இருக்கவங்களுக்குத் தெரியாது. ஆனா ரெண்டு பேருக்குத்தான் வருது." எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, "நான் ஒருத்திதானே" என்றேன். "அதைத்தான் கேக்கறேன்" என்றார்.

எனக்குப் பிடித்திருக்கிறது, அத்தை. மெத்தையைச் சொல்லவில்லை.

அத்தையிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். "பெரியவங்க சரின்னு சொல்லட்டும், அதுவரைக்கும் அந்த மெத்தைய விக்க மாட்டேன்" என்று மேலே ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். என் அம்மாவும் போய்விட்டார். கேட்க எனக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

யோன்சிம்


கோஹுங், ஜூன் 12

போமியின் அம்மாவுக்கு,

இதோடு ஒரு மூட்டை வரும். உன் கல்யாண மெத்தையை டவுனில் பஞ்சு கொட்டும் கடைக்குக் கொண்டுபோய், பஞ்சை உதறிப் பொங்கக் கொட்டி, இரண்டாக்கித் தைத்து வாங்கினேன். ஒன்று உனக்கு. பள்ளம் இருக்கிறது என்றாயே, இப்போது இல்லை. இனி நீ தாராளமாகத் தூங்கலாம்.

மற்றது என் மகனுடைய பாதி. அது இங்கே இருக்கும்.

ஒருத்திக்கு ஒரு மெத்தை போதும். புரண்டால் தெரியாத மெத்தை வேண்டுமாம். என் மகன் பக்கத்தில் புரண்டது உனக்கு அத்தனை தொந்தரவாகவா இருந்தது?

நானும் முப்பத்தொரு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள்தான். எனக்கு யார் மெத்தை விற்றார்கள்?

பதில் வேண்டாம்.

துல்லே


இஞ்சோன், ஜூலை 3

அத்தைக்கு,

பதில் வேண்டாம் என்றீர்கள். மூட்டை வந்து சேர்ந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அது வந்த அன்று அவர் இங்கே இருந்தார். அலமாரிக் கதவு கழன்று தொங்கியது, பூட்டிக் கொடுக்க முதல்முறையாக வீட்டுக்கு வந்தார். மூட்டையை அவர்தான் மாடிக்குச் சுமந்து வந்தார். "உங்க அத்தை மெத்தை அனுப்பியிருக்காங்க!" என்று அவருக்குத்தான் முதலில் சந்தோஷம். பெரியவர்கள் மெத்தை அனுப்பினால் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று எல்லாருக்கும் தெரியுமே. கயிற்றை வெட்டாமல் முடிச்சை அவிழ்த்தார்.

விரித்தார். அகலத்தைப் பார்த்தார். ஓரத்தைக் கையால் தடவினார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார். "இது பெரிய மெத்தையா இருந்தது. ரெண்டாப் பண்ணியிருக்காங்க."

உங்கள் கடிதத்தை நான் அவருக்குக் காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவில்லை.

அலமாரிக் கதவைப் பாதியில் விடவில்லை. பூட்டி, இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் போனார். "பெரியவங்க பதில் சொல்லிட்டாங்க. அதுக்கு மேல நாம என்ன பேசறது?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

மெத்தை நன்றாக வந்திருக்கிறது. பள்ளம் இல்லை. நான் அதில் படுக்கவில்லை. சோபாவில்தான் படுக்கிறேன். சோபா யாருடையதும் இல்லை.

யோன்சிம்


கோஹுங், செப்டம்பர் 20

போமியின் அம்மாவுக்கு,

அறுவடைப் பண்டிகைக்கு நீ வரவில்லை. போமி மட்டும் வந்து போனாள்.

நான் அனுப்பின பாதி மெத்தையைத் திருப்பி அனுப்பு. ஏன் என்று கேட்காதே.

துல்லே


இஞ்சோன், செப்டம்பர் 28

அத்தைக்கு,

அனுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்குவது உங்களுக்கு நிம்மதி என்றால் அப்படியே ஆகட்டும். உறையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

யோன்சிம்


கோஹுங், நவம்பர் 2

போமியின் அம்மாவுக்கு,

இது நீளமான கடிதம். எழுத ஒரு வாரம் ஆயிற்று. உட்கார்ந்து படி.

பண்டிகையன்று போமியிடம், "உன் அம்மா ஏன் வரலை? கோவமா?" என்று கேட்டேன். அவள் கொழுக்கட்டைக்கு மாவு உருட்டிக்கொண்டே, "அம்மாவுக்குக் கோவப்படக்கூடத் தெம்பு இல்ல பாட்டி. சோபால உட்கார்ந்தே இருக்காங்க. ஆறு வருஷத்துல அந்தக் கடை ஒண்ணுலதான் தூங்கினாங்க. அதையும் நீ கெடுத்துட்டே" என்றாள். இருபது வயசுப் பெண் என் முகத்துக்கு நேரே சொன்னாள். மறக்க மாட்டேன். நான் எதையும் மறப்பதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னது பொய் இல்லை.

என் மாமியாருக்கு நான் ஏன் அரைக் கோப்பை ஊற்றுகிறேன் என்று நீ ஒரு தடவை கேட்டாய். கஞ்சப்பிசினாறிக்கு அது போதும் என்று சொன்னேன். அது பொய். இப்போது சொல்கிறேன்.

உன் மாமனார் கடலில் போனபோது கித்தேவுக்கு நடக்கக்கூடத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து, துறையில் படகுக்குப் பலகை அடிக்கிற ஒருவன் என்னைக் கேட்டான். பேர் எழுத மாட்டேன். அது என்னோடு போகட்டும். "பையனையும் தூக்கிட்டு வா. என் வீட்டுல ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு" என்றான். விடியற்காலை அலை ஏறும்போது அவன் படகு கிளம்பும், அதுவரை காத்திருப்பேன் என்றான். என் மாமியார் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். திட்டவில்லை. அடிக்கவில்லை. அன்றைக்குத் தன் மெத்தையைக் கொண்டுவந்து என் அறை வாசலில் குறுக்கே விரித்துப் படுத்துக்கொண்டாள்.

படுத்திருக்கிற பெரியவர்களைத் தாண்டக் கூடாது என்று எனக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். உனக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஒரே ஒரு எட்டு. எடுத்து வைத்திருந்தால் வாசல். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அவள் தலைமாட்டில் நின்றேன். அவள் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், இமை துடித்தது எனக்குத் தெரிந்தது. வெளுத்துவிட்டது. படகு போய்விட்டது. அவள் எழுந்து, மெத்தையை மடித்து வைத்து, "சோறு வடிச்சியா?" என்று கேட்டாள்.

அதற்காகத்தான் அரைக் கோப்பை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஊற்றுகிறேன், இன்னும் என் கோபம் பாதிகூடத் தீரவில்லை.

போமி போன பிறகு, என் மகனுடைய பாதி என்று எடுத்து வைத்ததை விரித்துப் படுத்துப் பார்த்தேன். அதில் அவன் இல்லை. கொட்டின பஞ்சுக்கு ஆள் தெரியுமா? எது உன் பக்கம், எது அவன் பக்கம் என்று அந்த இயந்திரத்துக்கு என்ன தெரியும்? எல்லாம் கலந்து வெள்ளையாகப் பொங்கி வந்ததை நானேதான் நின்று பார்த்தேன். உன்மேல் இருந்த ஆத்திரத்தில், பார்த்துக்கொண்டே நின்றேன். என் மகனுடைய தோள் விழுந்த பள்ளத்தை நானே கூலி கொடுத்துக் கொட்டச் சொன்னேன். இனி நான் கை வைக்க எங்கே போவேன்?

அதில் படுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மாமியார் விரித்த மெத்தையைத்தான் நான் மூட்டை கட்டி உனக்கு அனுப்பியிருக்கிறேன். அவளாவது தன் உடம்பைக் கொண்டுவந்து போட்டாள். நான் அதைக்கூடச் செய்யவில்லை. தபாலில் அனுப்பினேன்.

இரண்டு பாதியையும் மறுபடி கொட்டி ஒன்றாக்கிவிட்டேன். இரண்டு தடவை கொட்டினதில் பஞ்சு குறைந்துபோயிற்று, மெல்லிசாக வந்தது. அதனால் என் மெத்தையைப் பிரித்து அதிலிருந்த பஞ்சையும் போட்டேன். நைலான் இல்லை. பருத்திதான், நல்ல முதல் எடுப்பு. சின்ன வயசில் பருத்தி எடுத்த கை இது, பார்த்ததும் தெரிந்துவிட்டது. உன் அம்மா உயிரோடு இல்லை, யாரிடம் போய்ச் சொல்வேன்? போசோங்காரியிடம் சொல்லிவிட்டேன். அவள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள். ஆனால் மெத்தை மெல்லிசுதான். அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மூட்டை இதோடு வருகிறது. தரையில் விரி, அல்லது அந்த மனுஷனுடைய ஸ்பிரிங்குக்கு மேலே விரி. உங்கள் இஷ்டம். பெரியவர்கள் மெத்தை அனுப்பினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும் என்றாயே. கூப்பிட்டுக் காட்டு. அகலத்தைப் பார்க்கச் சொல்.

நான் செத்தால் நீதான் எனக்கு ஊற்ற வேண்டும். முழுக் கோப்பையா, அரைக் கோப்பையா? அதை மட்டும் எழுது.

துல்லே


இஞ்சோன், நவம்பர் 14

அன்புள்ள அத்தைக்கு,

மூட்டை வந்தது. மாடிக்குத் தூக்க முடியாமல் படிக்குப் படி இழுத்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். கூட வேலை செய்கிறவள், "என்னடி, வெங்காயமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கடை இல்லை, அத்தை. செப்டம்பர் கடைசியில் அவர் கடையை ஒழித்துவிட்டு ஜேஜூ தீவுக்குப் போய்விட்டார். அங்கே அவர் அண்ணனுக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருக்கிறதாம். இப்போது அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள், நாளெல்லாம் பாட்டுச் சத்தம்.

மூடுகிற வாரம், இருக்கிற சரக்கைக் குறைத்து விற்றார். நான் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. அந்தத் துணி மூடின மெத்தை அப்படியே மூலையில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "எது வேணும்?" என்று கேட்டார். "ஒரு ஆள் மெத்தை" என்றேன். அவர் ஒற்றை ரப்பர் மெத்தையைக் கட்டிலோடு தானே வண்டியில் கொண்டுவந்து போட்டுவிட்டு, "இடுப்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜேஜூ முகவரியை ரசீதுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தார். மெத்தையில் ஏதாவது பழுது வந்தால் எழுதச் சொன்னார். பழுது ஒன்றும் வரவில்லை.

நீங்கள் உங்கள் மேலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொள்கிறீர்கள். நீங்கள் பாதி மெத்தைதான் அனுப்பினீர்கள். அவர் செருப்பு மாட்டும்போது "இருங்க" என்று நான் சொல்லவில்லை. கடையில் அந்தத் துணியைக் காட்டி "இது" என்று சொல்லவில்லை. இரண்டு தடவை வாசல் திறந்திருந்தது. ஒருவரும் குறுக்கே படுத்திருக்கவில்லை.

பெரிய மெத்தை கட்டிலில் பொருந்தவில்லை, இரண்டு பக்கமும் தொங்குகிறது. கட்டிலையும் ரப்பர் மெத்தையையும் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் விரித்திருக்கிறேன். என் அம்மா எனக்குக் கொடுத்த பஞ்சும் உங்களுக்குக் கொடுத்த பஞ்சும் ஒன்றாக இருக்கிறது. போமியின் அப்பாவுடைய பள்ளம் இல்லை. இவ்வளவு இடம் இருந்தும் நான் ஓரத்தில்தான் படுக்கிறேன். உடம்பு அங்கேதான் போகிறது. கொஞ்சம் தூங்குகிறேன். முன்னைவிடப் பரவாயில்லை.

உங்கள் மெத்தையைப் பிரித்துவிட்டால் நீங்கள் எதில் படுக்கிறீர்கள்? அதை எழுதவே இல்லையே.

கோப்பையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இப்போது எனக்குப் பதில் தெரியவில்லை, அத்தை. பொய் எழுத மனம் வரவில்லை.

யோன்சிம்


கோஹுங், நவம்பர் 23

போமியின் அம்மாவுக்கு,

தெரியவில்லை என்று எழுதினாயே, அது போதும். முழுக் கோப்பை என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நான் பாயில் படுக்கிறேன். தரை சூடாக இருக்கிறது, எனக்கு ஒன்றும் குறைவில்லை.

எனக்குச் சொல்வதற்கு யாரும் இல்லாமல் போனார்கள், அதனால் உனக்குச் சொல்கிறேன். நடுவில் படு. ஓரத்தில் படுத்துப் பழகினால் உடம்பு பிறகு அதையே கேட்கும். படகு போன நாளிலிருந்து நான் ஓரத்தில்தான் படுக்கிறேன். அறையில் வேறு ஆள் இல்லை, ஆனாலும் ஓரத்தில்தான். யாருக்கு இடம் விட்டேன் என்று இப்போது கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

மெத்தையில் பழுது இல்லை என்று எழுதியிருக்கிறாய். நன்றாகப் பார்த்தாயா? ரப்பர் என்றால் நாறும் என்று நான் ஏப்ரலிலேயே சொன்னேன். நாறுகிறது என்று அவருக்கு எழுது. மாமியார் சொல்லித்தான் எழுதுகிறேன் என்று எழுது. உனக்கு எழுத்து நன்றாக வரும், முகவரியும் இருக்கிறது. எனக்கு அந்த வயசில் இரண்டும் இல்லை. அவர் பதில் போடுவாரா, மாட்டாரா, நமக்குத் தெரியாது. போடாமலும் போகலாம். நான் கெடுத்தது அப்படி.

கிம்ச்சி ஊறப்போட்டு முடிந்ததும் குளிர்காலத்துக்கு அங்கே வருகிறேன். வரமாட்டேன் என்று ஆறு வருஷமாகச் சொன்னவள்தான், வருகிறேன். போசோங்காரி கோழிகளைப் பார்த்துக்கொள்வாள், திருடாமல் இருந்தால் சரி. உன் மெத்தையில் எனக்குப் பங்கு வேண்டாம். பாயைக் கொண்டுவருகிறேன். அடுப்படியில் போடு, ஜன்னலோரம் போடு, எங்கே வேண்டுமானாலும் போடு. வாசல் பக்கம் மட்டும் போடாதே.

துல்லே